மாசி, பங்குனி மாதங்களில் கால்நடைகளை வழிநடத்தும் முறை

மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களும் தமிழர் பருவக் கணக்கில் பின்பனிக் காலம் எனப்படும். மேல்நாட்டார் இதனையே வசந்தத்தின் தொடக்கம் என்பர். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில், சம்பா அறுவடையும் போரடிப்பும் முடிந்து, விவசாயிக்குச் சிறிது ஓய்வும் கையில் சிறிது பணமும் உள்ள காலம் இதுவே. மழைக்காலத்துச் சேறு உலர்ந்து பாதைகள் கெட்டிப்பட்டிருக்கும், ஓடைகள் வற்றியிருக்கும், மழைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆதலின் உழவுமாடு வாங்குதலும் விற்றலும், கறவைகளைச் சந்தைக்கு ஓட்டுதலும், ஆட்டு மந்தைகளை அறுத்த வயல்களில் கிடை வைக்க ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லுதலும், மலையினின்று புளி முதலிய பண்டங்களை இறக்குதலும் இக்காலத்தில் மிகுதியாய் நடைபெறுகின்றன.

ஆயினும், வழி மிக நன்றாயுள்ள இக்காலமே கால்நடைகளின் உடல் நலியத் தொடங்கும் காலமாகவும் இருப்பதைப் பலர் கருதுவதில்லை. பசும்புல் தை மாதத்தோடு தீர்ந்துவிடும்; எஞ்சியிருப்பது வைக்கோலும் காய்ந்த தட்டையுமே. இவ்வாறு உடல் தளர்ந்த மாட்டை, காலைக் குளிர்ச்சியை நம்பிப் புறப்பட்டு நண்பகல் வெயிலில் நடத்திச் செல்வதால் விளையும் நஷ்டம் சிறிதன்று. மாடு வழியில் விழுந்து மாள்வது ஒரு வகை நஷ்டம். விழாமல் சந்தையைச் சேர்ந்தாலும், விலா ஒட்டி, கண் குழிந்து, குளம்பு தேய்ந்து நிற்கும் மாட்டிற்கு உரிய விலை கிடையாமற் போவது மற்றொரு வகை நஷ்டம். முன்னது எல்லார் கண்ணிலும் படும். பின்னது விற்றவனின் பையில் மட்டுமே தெரியும்.

பருவத்தின் இயல்பு

மார்கழி, தை மாதங்களில் வீசிய வாடைக்காற்று மாசியில் தளர்ந்துவிடுகிறது. வானம் மேகமின்றித் தெளிவாயிருக்கும். இத்தகைய வானத்தின் கீழ் நிலமானது பகலில் விரைவாய்ச் சூடேறி, இரவில் அவ்வெப்பத்தை விரைவாய் இழந்துவிடும். ஆகவே ஒரே நாளில் வைகறைப் பனியும் நண்பகல் வெயிலும் நேர்கின்றன. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்ற பழமொழி இரவைக் குறித்ததே; பகலைக் குறித்ததன்று.

வேலூரில் பகலின் உச்ச வெப்பம் பிப்ரவரி மாதத்தில் சராசரி 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், மார்ச்சில் 35 டிகிரி அளவிலும், ஏப்ரலில் 37 டிகிரி அளவிலும் இருக்கும். இரவின் குறைந்த வெப்பமோ பிப்ரவரியில் 19 டிகிரியையும் மார்ச்சில் 21 டிகிரியையும் ஒட்டியிருக்கும். அஃதாவது, பகலுக்கும் இரவுக்கும் இடையே 13 அல்லது 14 டிகிரி வேற்றுமை உண்டு. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பெய்யும் மழை சில மில்லிமீட்டர்களே.

இவ்வானத்தின் தெளிவுக்குச் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகமே சான்று. தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே அங்கு வானத்தை நோக்குவதற்கு ஏற்றவை. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் தேதி யுரேனஸ் என்னும் கிரகம் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கிரகத்தைச் சூழ்ந்த வளையங்களின் அடையாளம் காவலூரிலும் பதிவாயிற்று. அந்நாள் மாசி மாதத்தின் இறுதியே. வானியலார்க்கு நன்மை செய்யும் அத்தெளிவே, நிழலற்ற சாலையில் நடக்கும் மாட்டிற்குத் துன்பமாகிறது.

பிற நாட்டு அநுபவம்

இளவேனிலின் தொடக்கத்தில் கால்நடை நலிவது இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மங்கோலியா நாட்டின் பரந்த புல்வெளிகளில் குளிர்காலம் மிகக் கொடியது. அங்குள்ள இடையர் குளிரைக் காட்டிலும் அதன் முடிவில் வரும் வசந்தத்திற்கு அஞ்சுவர். குளிர்காலம் முழுவதும் உடற்கொழுப்பைச் செலவழித்துப் பிழைத்த ஆடுமாடுகள், புதுப்புல் முளைப்பதற்குள் வீசும் வசந்தகாலப் புயற்காற்றையும் புழுதியையும் தாங்க மாட்டாமல் மடிகின்றன. கோடை வறட்சியும் கடுங்குளிரும் அடுத்தடுத்து நேர்ந்த 2009-10ஆம் ஆண்டில் அந்நாட்டில் 80 லட்சத்திற்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. கோபிப் பாலைவனத்தைக் கடந்த பழைய வணிகர்களும் இரட்டைத் திமில் ஒட்டகங்களை இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நடத்தி, கோடையில் மேயவிட்டுத் திமிலில் கொழுப்பு ஏறச் செய்வர். வசந்தத்தில் திமில் சரிந்து, மயிர் உதிர்ந்து நிற்கும் ஒட்டகத்தின் மேல் அவர்கள் பெருஞ்சுமை ஏற்ற விரும்புவதில்லை.

இமாசலப் பிரதேசத்து மலையிடையரும் குளிர்காலத்தை அடிவாரத்திற் கழித்து, வசந்தத்தில் மேலேறும்போது ஒரேயடியாய் உச்சிக்குச் செல்லாமல், பனி உருக உருகப் படிப்படியாய் ஏறுவர். புல்வெளி, பாலை, மலை ஆகிய மூவகை நிலத்தாரும் கண்டறிந்த உண்மை ஒன்றே. வழியின் நீளத்தை எண்ணிப் பயணத்தை வகுத்தலாகாது. பிராணியின் உடல்நிலையையும், தண்ணீர் கிடைக்கும் இடத்தையும், நாளின் பொழுதையும் எண்ணியே வகுத்தல் வேண்டும். மிகச் சிறிய அளவிலேனும் மணலும், வெட்டவெளியும், மலையும் ஆகிய மூவகை வழிகளும் வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் உள்ளன. அவற்றை முறையே காண்போமாக.

ஆற்று மணல்வழி

பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, சுமார் 348 கிலோமீட்டர் ஓடி, வயலூருக்கு அருகே கடலைச் சேர்கிறது. 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாணியம்பாடியைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தி உயிர்களைக் கொண்டுசென்ற இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்படுகையே. பாலத்திற்குச் சுற்றிச் செல்லும் தொலைவை மிச்சப்படுத்தக் கருதிப் பலர் மந்தைகளைப் படுகையின் குறுக்கே ஓட்டுவர். காலை வேளையில் இதனால் தீங்கில்லை. ஆனால் உலர்ந்த மணல் நண்பகலில் காற்றைக் காட்டிலும் மிகுதியாய்ச் சூடேறும். மேலிருந்து வெயிலும் கீழிருந்து மணலின் வெக்கையும் ஒருங்கே தாக்குவதோடு, மணலில் கால் புதைவதால் நடையின் உழைப்பும் கூடுகிறது. ஆடுகள் உயரத்திற் குறைந்தவையாதலின் மணலின் வெக்கை அவற்றையே முதலில் வாட்டும். காலை 9 மணிக்குப் பின்னும் மாலை 4 மணிக்கு முன்னும் மந்தையை மணலில் இறக்காதிருத்தல் நலம். மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ள இடங்களில், முன்னதாக ஓர் ஆளை அனுப்பி வழி பார்த்தபின்னரே இறக்க வேண்டும்.

சமவெளிச் சாலை

சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்கிறது. சாலையை அகலப்படுத்திய இடங்களில் பழைய புளியமரங்களும் ஆலமரங்களும் இப்போது இல்லை. முற்காலத்தில் நிழலைக் கண்ட இடத்தில் மாட்டை நிறுத்தலாம் என்ற துணிவுடன் புறப்பட்டவர், இன்று நிழல் எங்கே உள்ளதென முன்னரே தெரிந்துகொண்டு புறப்படுதல் அவசியம். மேலும் தார்ச்சாலை வெயிலில் மிகவும் சூடேறும். லாடம் இல்லாத மாட்டின் குளம்பு அதில் விரைவாய்த் தேய்ந்துவிடும். தார்ச்சாலையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டிய உழவுமாட்டிற்கு ஒரு வாரம் முன்னதாகவே லாடம் அடித்து, அது கால்நடையில் பழகியபின் புறப்படுதல் சிலாக்கியம். புறப்படும் நாளன்று லாடம் அடித்தால், ஆணி தவறியிருப்பின் மாடு நடுவழியில் நொண்டும்.

மலைவழி

சவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் செல்லும் வழிகளின் இயல்பு வேறு. ஏலகிரி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு டிகிரி குறையும். மேலே பகல் இதமாயிருக்கும், இரவு கடுங்குளிராயிருக்கும். சமவெளி மாட்டை மலையில் இராத் தங்கவைப்பவர் காற்று மறைவான கொட்டகையைத் தேட வேண்டும். மலையினின்று இறங்குபவரோ, குளிர்ந்த இடத்தில் தாமதமாய்ப் புறப்பட்டு, வெயில் ஏறியபின் அடிவாரத்தை அடைவதே பெரும் பிழை. மேலே காலை 9 மணிக்கு இன்னும் குளிர்ச்சியாகவே உள்ளதென்று எண்ணி இறங்கத் தொடங்கும் மந்தை, அடிவாரத்து உஷ்ணத்தை நண்பகலில் சந்திக்கும். ஆதலின் இறக்கம் விடியற்பொழுதில் தொடங்கி, வெயில் ஏறுமுன் அடிவாரத்து மரத்தடியில் முடிதல் வேண்டும்.

இம்மாதங்களில் மலைக்காட்டு மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். தரையெங்கும் சருகு. வழிநடப்போர் அணைக்காது எறியும் பீடித்துண்டும், சோறு சமைத்தபின் அணையாது விட்ட அடுப்பும் காட்டுத்தீக்குக் காரணமாகின்றன. தீயினால் மலைப்புல் அழியுமாயின், அடுத்த கோடையில் தீவனமின்றி வருந்துவது அவ்வழியே மந்தையை ஓட்டிவரும் விவசாயியே.

பொழுதைக் கணக்கிடும் முறை

கால்நடைகளை 5 கிலோமீட்டருக்கு மேல் நடத்திச் செல்லுதல் பற்றி மத்திய அரசாங்கத்தார் 2001ஆம் ஆண்டில் விதிகள் இயற்றியுள்ளனர். அவற்றின்படி மாட்டை நாளொன்றுக்கு 8 மணி நேரத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடத்தலாகாது. 2 மணிக்கொருமுறை தண்ணீரும் 4 மணிக்கொருமுறை தீனியும் அளிக்க வேண்டும். வெப்பம் 30 டிகிரிக்கு மேற்படும் வேளையிலும், சூரியன் உதிக்குமுன்னும் மறைந்தபின்னும் நடத்தலாகாது. மாடு பயணத்திற்குத் தகுதியுள்ளதெனக் கால்நடை வைத்தியரின் சான்றும் வேண்டும். வண்டிமாடுகளைப் பற்றிய 1965ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்கு மொத்தம் 9 மணிக்கு மேலும், இடைவிடாது 5 மணிக்கு மேலும் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. வெப்பம் 37 டிகிரிக்கு மேற்படும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டுவதையும் தடுக்கின்றன.

இவ்விதிகளைத் தொல்லையென்று கருதுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. பங்குனியில் சூரியன் ஆறேகால் மணியளவில் உதிக்கிறது. காலை 10 மணிக்குள் வெப்பம் 30 டிகிரியை நெருங்கிவிடுகிறது. எனவே காலையில் கிடைக்கும் நல்ல நடைப்பொழுது மூன்றரை மணி நேரமே. மணிக்கு 3 கிலோமீட்டர் வீதம் நடக்கும் மாடு அதற்குள் 10 கிலோமீட்டர் கடக்கும். மாலை நாலரைக்குப் பின் வெயில் சாய்ந்து வெப்பமும் தணிந்த நாளில், பொழுது சாயுமுன் மேலும் 5 கிலோமீட்டர் கடக்கும். ஆகப் பங்குனி மாதத்து ஒருநாள் நடை 15 கிலோமீட்டரே அன்றி 30 அன்று.

உதாரணமாக, வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. அதற்கு 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்து விவசாயி ஒருவர், செவ்வாய் விடியலில் புறப்பட்டு அன்றே விற்றுவிடலாம் என்று எண்ணுவாராயின், மாடு சந்தையை அடையும்போது நண்பகல் ஆகியிருக்கும். வாங்குவோரில் நல்லவர் பலர் திரும்பியிருப்பர். மாடும் நாக்குத் தள்ளி நிற்கும். அவரே திங்கட்கிழமை காலையில் புறப்பட்டு, 10 கிலோமீட்டர் சென்று நிழலில் தங்கி, மாலையில் 5 கிலோமீட்டர் சென்று இராத் தங்கி, செவ்வாய் விடியலில் எஞ்சிய 5 கிலோமீட்டரைக் கடப்பாராயின், மாடு வயிறு நிரம்பி, அசைபோட்டு, ஒளியுள்ள கண்ணுடன் சந்தையில் நிற்கும். ஒரு நாட்கூலியும் சிறிது தீவனமும் கூடுதற் செலவு; அச்செலவைக் காட்டிலும் விலையில் பெறும் அநுகூலம் பெரிது.

லாரியில் ஏற்றுவோர்க்கும் இதுவே நியதி. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரணச் சரக்கு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. ஓடும் லாரியில் காற்றேனும் உண்டு. உணவு விடுதி வாசலில் வெயிலில் நிற்கும் லாரியில் அதுவும் இல்லை. லாரியை நிறுத்துவதாயின் நிழலிலேயே நிறுத்த வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

பெரிய மாட்டிற்கு இக்காலத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை தண்ணீர் தேவை. நடந்து களைத்த மாட்டிற்கு ஒரேயடியாக வயிறு முட்டக் கொடாமல், சிறிது இளைப்பாற்றிச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் நலம். தீவனத்தோடு ஒரு கைப்பிடி சமையலுப்பு சேர்த்தால் வியர்வையில் இழந்த உப்பு ஈடாகும்.

ஆனால் தோல் பதனிடும் ஊர்களை அடுத்த வழிகளில் எந்தத் தண்ணீரையும் ஆராயாது காட்டலாகாது. பச்சைத் தோல் வெயில்காலத்தில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குமாதலின், அதன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு உப்பிட்டே தோல் வியாபாரிகள் தொலைவிடங்களினின்று கொண்டுவருகின்றனர். அவ்வுப்பு பதனிடுமுன் கழுவப்பட்டுக் கழிவுநீரில் சேர்கிறது. நெடுங்காலம் அக்கழிவு நிலத்திலும் ஆற்றிலும் கலந்ததால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய இடங்களில் பல கிணறுகள் உப்பேறின. இதுபற்றி வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் பெயர்பெற்ற தீர்ப்பை அளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் அமைந்துள்ளன. எனினும் நிலத்தில் ஏறிய உப்பு எளிதில் நீங்குவதன்று. பங்குனியில் நீர்மட்டம் தாழும்போது பல கிணறுகளில் உப்பு மிகுந்து தோன்றும்.

கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீர் பொதுவாகக் கால்நடைகளுக்கு ஏற்றது. 5,000க்கு மேற்பட்டதைச் சினைமாட்டிற்கும் கறவைக்கும் கொடாதிருத்தல் நலம். 10,000க்கு மேற்பட்டது எப்பிராணிக்கும் ஆகாது. வழியில் இதனை அளந்தறிய இயலாதாதலின், ஊரார் தம் மாடுகளுக்குக் காட்டும் கிணற்றையே நாட வேண்டும். ஊர்மாடு குடியாத நீரை வந்த மாட்டிற்குக் காட்டலாகாது. தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய ஓடைநீரைத் தெளிவாய்த் தோன்றினும் விலக்குக.

வெப்பத் தாக்கின் அறிகுறிகள்

வாய் திறந்து மூச்சிறைத்தல், நுரையுடன் எச்சில் வடிதல், நாக்கு வெளித்தள்ளுதல், நடை தள்ளாடுதல், வரிசையைவிட்டு நிழல் தேடி ஒதுங்குதல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்று கருதித் தாற்றுக்கோலால் குத்துவோர் உண்டு. அது மாட்டின் உயிருக்கே ஆபத்து. அன்றியும் குத்திய தழும்பு தோலில் நின்று, பின்னாளில் தோலின் மதிப்பையும் கெடுக்கும் என்பதைத் தோல் ஊர்களில் வாழ்வோர் நன்கறிவர். இவ்வறிகுறி கண்டவுடன் மாட்டை நிழலில் நிறுத்தி, தலை, கழுத்து, உடல் முழுவதிலும் குளிர்ந்த நீரை ஊற்றி, காற்றுப் படச் செய்து, கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியை அழைக்கலாம். மாடு தானே எழுந்து அசைபோடும்வரை பயணத்தைத் தொடரலாகாது.

சந்தைக்குச் செல்லும் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முன்னதாகவே போட்டிருத்தல் வேண்டும். ஊசியின் பலன் உடலில் ஊன்ற ஏறத்தாழ மூன்று வாரம் ஆகுமாதலின், முதல்நாள் ஊசியிட்டு மறுநாள் ஓட்டுவதில் பயனில்லை. வாங்கிவந்த மாட்டையும் மூன்று வாரம் தனிக் கொட்டிலில் கட்டியபின்னரே பழைய மாடுகளோடு சேர்க்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

வேலூர் ஜில்லா 2019ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தன. ஆனால் மந்தைகள் செல்லும் வழிகள் ஜில்லா எல்லையை அறியா. வழியிலுள்ள ஒவ்வொரு கிராமத்து நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் மாசி பிறக்குமுன் பின்வரும் காரியங்களைச் செய்துவைத்தல் அவர்தம் கடமை:

1. ஊரின் தண்ணீர்த் தொட்டிகளைப் பாசி நீக்கிக் கழுவி, நாள்தோறும் நீர் நிரப்ப ஓர் ஆளை நியமித்தல்.

2. நல்ல நீருள்ள கிணறு எது, உப்பேறிய கிணறு எது என்பதை வழிப்போக்கர் அறியுமாறு பலகையில் எழுதி நாட்டுதல்.

3. மந்தை பகலில் தங்கத் தக்க தோப்பு அல்லது மந்தைவெளியை ஆக்கிரமிப்பின்றிக் காத்தல். நிழல் இல்லாத இடத்தில் பந்தல் அமைத்தல்.

4. சாலையோரத்தில் வேம்பு, புங்கு, ஆல் முதலிய மரங்களை மழைக்காலத்தில் நட்டு, முதல் மூன்று கோடைகளில் நீர் விட்டுக் காத்தல்.

5. அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்தின் இடத்தைச் சாவடியில் எழுதிவைத்தல்.

இவற்றுள் பெரும்பொருட்செலவு வேண்டுவது எதுவும் இல்லை. ஒரு தொட்டி நீர் ஒரு மந்தையின் உயிரைக் காக்கும்.

முடிவுரை

மாசி, பங்குனி மாதங்களின் காலைப்பொழுது இனியது. பனி நீங்காத புல்லும், மெல்லிய காற்றும் இன்னும் வெகுதூரம் செல்லலாம் என்ற எண்ணத்தை மனிதனுக்குத் தருகின்றன. மாட்டிற்கோ அவ்வெண்ணத்தை மறுத்துரைக்க வாயில்லை. ஆகவே அதன் பொருட்டு உடையவனே எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலை 10 மணிக்குள் நிழல், இரண்டு மணிக்கொருமுறை நல்ல நீர், நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் என்னும் இம்மூன்றையும் விவசாயிகள் கைக்கொள்வாராயின், வழியில் இழக்கும் மாடுகள் குறைந்து, சந்தையில் பெறும் விலை உயர்ந்து, வாங்கிவந்த மாடும் ஆடிப்பட்டத்து ஏரில் உறுதியாய் நடக்கும் என்பதில் ஐயமில்லை.